பிக்கப்பைத் தூக்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

குயிலாப்பாளையம் செம்மண் பாதையில சவுக்கு லோடு ஏத்தினா பிக்கப்போட பின்பக்கம் இறங்கிடுதா? தூக்க மூணு வழி இருக்கு.

1. இரும்பு பிளாக்: ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல வச்சு, நீளமான யூ போல்ட் போடுவாங்க. செலவு கம்மி. ஆனா உயரம்தான் கூடும், பலம் கூடாது.

2. கூடுதல் பிளேட்: பலம் கூடும், காலி வண்டி குதிக்கும். ஆனா ஆர்.சி.யில இருக்குற எடை வரம்பு மாறாது. ஓவர்லோடுக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

3. பழைய பிளேட்டைச் சரிசெய்றது: தளர்ந்த பிளேட்டுக்குப் பட்டறையில மறுபடி வளைவு ஏத்தி, உடைஞ்சதையும் புஷ்ஷையும் மாத்துறது. வண்டி கம்பெனி உயரத்துக்கே திரும்பும்.

என் ஓட்டு மூணாவதுக்குத்தான். கம்பெனி அமைப்பை மீறி வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, இல்ல ரெண்டும். விபத்து நடந்தா இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம். ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப்போய் லட்சத்தை விடாதீங்க.

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி, காலி வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. ஒரு பக்கம் இறங்கியிருந்தா முதல்ல அந்த ஸ்பிரிங்கைக் காட்டுங்க. அளக்குற முறை வீடியோவுல இருக்கு.