தீபாவளிக்கு எப்போது துணி எடுக்கிறீர்கள்?

தமிழ்நாட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று சட்டம் வந்தது 2021-ல்தான். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றார்கள். கேரளம் இதை 2018-லேயே செய்துவிட்டது. அங்கே அது சும்மா கிடைக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள், தையல் தொழிலாளியான பி. விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பில் திரண்டு முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். போக இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொண்டவர்களும், நின்று நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களும் அதில் நிறையப் பேர்.

நம் சட்டப் பிரிவைக் கொஞ்சம் கவனித்து வாசிக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு அமையும்போது ஊழியர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வசதியாக இருக்கை போட வேண்டும் என்கிறது அது. அந்த வாய்ப்பு எப்போது அமையும் என்று சட்டத்தால் சொல்ல முடியாது. அதைத் தீர்மானிப்பது கடைக்குள் இருக்கும் கூட்டம். ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்குப் பத்து நிமிடமாவது உட்காரக் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சட்டப்படி போட்ட அதே நாற்காலியில் வாடிக்கையாளரின் கைப்பைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

பண்டிகைக்கு நியாயமாகப் பொருள் வாங்குவது பற்றிப் பேசும்போது எந்தக் கடை நல்ல கடை, எந்தப் பொருளைத் தவிர்ப்பது என்றுதான் நாம் தேட ஆரம்பிக்கிறோம். அதற்கெல்லாம் வாங்குபவருக்குக் கிடைக்கும் தகவல் குறைவு. ஆனால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கடைக்குப் போவது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. செலவில்லாத காரியம், ஆனால் அதிகம் பேர் யோசிக்காதது.

கடை ஊழியரின் வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. வருடம் முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்கக் கடைகளுக்கு அரசு அனுமதி தந்தபோது, மிகைநேரம் சேர்த்தாலும் ஒரு நாளில் 10.5 மணியையும் வாரத்தில் 57 மணியையும் தாண்டக் கூடாது என்று நிபந்தனை போட்டது. பொதுவாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்குவதென்றால் அவர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ, மதுரை விளக்குத்தூண் பக்கமோ, கோவை ஒப்பணக்காரத் தெருவிலோ, திருச்சி என்.எஸ்.பி. ரோட்டிலோ இரவு பத்தரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். காலையில் கடை திறந்தபோது வந்தவரே அப்போதும் நிற்கிறாரா, மாற்று ஆள் வந்திருக்கிறாரா என்று கேட்டாலே தெரிந்துவிடும். பெரிய கடைகளில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை முதலாளி கொடுக்கும் விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள். இப்போது வடமாநிலப் பிள்ளைகளும் கணிசம். விடுதியில் இருப்பவருக்கு ‘கடைசி பஸ் போய்விடும்’ என்று சொல்லிக் கிளம்பும் சாக்குகூட இல்லை. ஷட்டரை இறக்கினாலும் வேலை முடியாது. பிரித்துப் போட்ட சேலைகளையெல்லாம் பழைய மடிப்பில் மடித்து அடுக்க வேண்டும்.

சீக்கிரம் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாதிக் கூட்டம் கடைசி வாரம் வருவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, போனஸ். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், வரம்புக்கு உட்பட்ட சம்பளக்காரர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்பது அதே சட்டம் தரும் சலுகை. மார்ச்சில் கணக்கு முடிப்பவருக்கு நவம்பர் கடைசிவரை தவணை இருக்கிறது. அதனால் தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னால்தான் பல மில்களிலும் பட்டறைகளிலும் பணம் கைக்கு வருகிறது. அன்று மாலையே அந்தக் குடும்பம் துணிக்கடையில் நிற்கிறது. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. மாதாமாதம் வங்கிக் கணக்கில் சம்பளம் விழும் நாம்தான் புரட்டாசியிலேயே வாங்கி முடித்து, அந்தக் கடைசி வாரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கும் சிறு முதலாளி நீங்கள் என்றால் போனஸை இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் வேறெதையும்விட அதற்குப் பலன் அதிகம்.

கடைக்குள் போன பிறகு செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். ‘உக்காந்துக்கோம்மா, நாங்க பொறுமையா பார்க்கிறோம்’ என்று ஒரு வார்த்தை. ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக நினைப்பார் என்பதுதான் முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம், ஆகவே அதை உடைக்க வாடிக்கையாளரால்தான் முடியும். மேற்பார்வையாளர் காதில் விழும்படி சொல்வது உத்தமம். துணி எடுத்துக் காட்டியவரின் பெயரோ எண்ணோ பில்லில் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். விற்பனைக்கு ஊக்கத்தொகை தரும் கடைகளில் அந்த எண் அவருக்குக் காசு. எடுக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் ‘இன்னும் நாலு காட்டுங்க’ என்பதை விட்டுவிடலாம். இது நம் ஊர்ப் பொழுதுபோக்கு என்பதால் சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

தையற்கடை இன்னும் சின்ன உலகம். பண்டிகை நேரத்தில் ஜாக்கெட் தைக்கும் கடைகளில் தையல்காரர் மட்டும் இல்லை. காஜா எடுப்பவர், ஹெம்மிங் செய்பவர், சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் வீட்டுப் பெண்கள் என்று ஒரு சங்கிலி. எல்லோருக்கும் உருப்படிக் கூலி. ‘அவசரம்’ என்று நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஐம்பது ரூபாய் அந்தச் சங்கிலியின் கடைசி ஆள்வரை போவதில்லை, ஆனால் அவசரம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே துணியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

கைத்தறியில் இந்த நாள்கணக்குக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு, ஏனென்றால் தறியை அவசரப்படுத்தவே முடியாது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். மரபான முறையில் நெசவாளியோடு துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். அதற்கு முன் பாவு தயாராக வேண்டும், நெசவாளர் ஊர்களில் அதைத் தெருவில் நீட்டிக் கட்டித்தான் செய்வார்கள். மழை வந்தால் அது நின்றுவிடும், குழித்தறியில் ஈரம் ஏறிவிடும். தீபாவளி வருவதோ ஐப்பசி அடைமழையில். ஆக, வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது நெசவாளி வீட்டில் தறி சும்மா இருக்கலாம். நெய்தால்தான் கூலி என்பதால் அந்த நாட்களுக்கு வருமானமும் இல்லை. கடைசி நேரத்தில் கைத்தறி கேட்டு வருபவரிடம் விசைத்தறிச் சேலை கைத்தறியாகப் பெயர் மாறுவதும் இந்த இடத்தில்தான். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தாலும் கடை அலமாரியில் அதைக் காவல் காக்க ஆளில்லை. 2006-ல் வந்த ‘கைத்தறி முத்திரை’ சேலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டு முத்திரை என்பது வேறு. நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி, கையால் நெய்ததா என்று அது சொல்லாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம்.

தள்ளுபடி என்றாலே யாரோ ஒருவர் வயிற்றில் அடிப்பது என்று ஒரு எண்ணம் நமக்கு வந்துவிட்டது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் தள்ளுபடிக்கு அரசு மானியம் இருக்கிறது. சங்கத்தில் நெசவாளிக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி முன்பே நிர்ணயமாகிவிடும், நமக்கு விலை குறைகிறது என்பதற்காக அதில் கைவைப்பதில்லை. அங்கே மனசாட்சி உறுத்தாமல் வாங்கலாம். தனியார் கடையில் ‘ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம்’ என்றால், அந்த இரண்டின் கூலியை யார் கொடுத்தது என்று யோசிக்க வேண்டியதுதான்.

பட்டாசுக்கு இந்தத் தேதிக் கணக்கு அவ்வளவாக உதவாது. சிவகாசி வட்டாரத்தில் ஆண்டு முழுக்கவே வேலை நடக்கும். நீங்கள் ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஆலையின் வேகம் குறையப்போவதில்லை. இங்கே கேள்வி வேறு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வெளிவரும் காரணங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். ஓர் அறைக்கு அனுமதித்த ஆட்களுக்கு மேல் உட்கார வைப்பது, இடம் போதாமல் மரத்தடியில் மருந்து செலுத்த வைப்பது, மீந்த மருந்தை அழிக்காமல் மறுநாளைக்கு வைத்துக்கொள்வது, உரிமம் வாங்கியவர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது. குத்தகைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் மெலிசு. அதனால் நாளுக்கு எத்தனை பெட்டி என்பதில்தான் அவர் பிழைப்பு. கூலியும் உருப்படிக்குத்தான்.

பட்டாசே வாங்காமல் இருந்துவிட்டால்? காற்றுக்கு நல்லது. காற்றுக்காக வாங்காதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தொழிலாளருக்காக என்று சொல்லிக்கொள்ள மட்டும் முடியாது. மழை பொய்த்த கரிசல் பூமியில் அந்த வேலையை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன, வேலை போனால் அவர்களுக்கு வேறு வேலையை நாம் தரப்போவதில்லை. வாங்குகிறவர் செய்யக்கூடியது, வெளிச்சத்தில் நடக்கும் ஆலையின் சரக்கை வாங்குவது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு முத்திரையும் பெட்டியில் இருக்க வேண்டும். கடைக்கு உரிமம் இருக்க வேண்டும், பில் கொடுக்க வேண்டும். இணையத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்துவிட்டது. அதையும் மீறி 80, 90 சதவீதம் தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் வரும் விலைப்பட்டியலில் பணம் போவதற்கான வாய்ப்பும் உண்டு, வீட்டுக்குள் கள்ளத்தனமாக மருந்து அடைத்த சரக்கு வருவதற்கான வாய்ப்பும் உண்டு. பட்டியலில் போட்டிருக்கும் மூல விலையே ஜோடிப்பு என்று சிவகாசிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் ஒரு திருத்தம். சிவகாசி என்றதும் இன்றும் பலர் மனதில் வருவது எண்பதுகளின் படம்தான். சிவகாசி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பள்ளிகளும் மதிய உணவும் அதோடு சேர்ந்து பெரிய ஆலைகளின் நிலையை மாற்றியிருக்கின்றன. இப்போது பண்டிகைக் காலத்தில் சிறுவர்கள் கண்ணில் படுவது நம் ஊரிலேயேதான், தற்காலிகக் கடைகளிலும் இனிப்புக் கடைகளின் பின்கட்டிலும். பார்த்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கே பொருளைக் கொண்டுவருபவர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இன்றே வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத பொருளுக்கு ‘இன்றே’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். மழையில் வருகிறவரை நாலாம் மாடிக்கு ஏறச் சொல்லாமல் கீழே இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு வேலை செய்பவருக்கான போனஸ் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு மாதச் சம்பளம் என்பது நல்ல வீடுகளின் வழக்கம். அதைப் பண்டிகைக்கு முந்தைய இரவு கையில் திணித்தால் அவரும் அந்தக் கடைசி நாள் கூட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும். சேலை கொடுப்பதென்றால் பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பணத்துக்குப் பதிலாக அல்ல. தீபாவளி மறுநாள் காலையில் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஒரு வேலையை மிச்சப்படுத்தலாம். வெடித்த காகிதமும் வெடிக்காமல் மீந்ததும் சாதாரணக் குப்பை அல்ல. சென்னையில் அதைத் தனியே சேர்த்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறார்கள். வெடிக்காதவற்றைத் தண்ணீரில் நனைத்துத் தனிப் பையில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.