ஐம்பதாவது எஞ்சின்

பிரிட்டனில் ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ‘ஏ1’ வகை நீராவி எஞ்சின்கள் மொத்தம் 49. எல்லாம் 1948, 1949 ஆண்டுகளில் ஓடத் தொடங்கியவை. டீசல் வந்ததும் ஒன்றுவிடாமல் பழைய இரும்பாகப் போயின. 1966-க்குப் பிறகு காட்சிக்கு வைக்கக்கூட ஒன்று மிஞ்சவில்லை. அவற்றின் கடைசி எண் 60162. ரயில் ஆர்வலர்கள் 1990-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, 60163-ஐத் தாங்களே கட்டக் கிளம்பினார்கள். வாரம் ஒரு பைன்ட் பீர் குடிக்கும் காசைக் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு செலவான இந்த வேலையில் அந்தச் சில்லறைக்குப் பெரும் பங்குண்டு.

பழைய வரைபடங்கள் யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில் கிடைத்தன. டார்லிங்டன் நகரில் எஞ்சின் உருவானது. கொதிகலன்தான் பெரும்பாடு. நிலக்கரி எரியும் நெருப்புப் பெட்டியைச் சுற்றிலும் தண்ணீர். அங்கிருந்து சூடான புகை நீண்ட குழாய்கள் வழியே போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். உள்ளே சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு அழுத்தம். உருண்டையான உடல் அதைத் தாங்கிவிடும். நெருப்புப் பெட்டியின் தட்டையான சுவர்கள் பிதுங்கிவிடும். அதனால் உள்சுவரையும் வெளிச்சுவரையும் வரிசை வரிசையாக இரும்புத் தண்டுகளால் இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டும். இவ்வளவு பெரிய கொதிகலன் செய்யும் கைகளைத் தேடி ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறைக்குப் போனார்கள். செப்பு நெருப்புப் பெட்டிக்குப் பதில், பற்றவைத்த எஃகுப் பெட்டி வந்தது. இதைக் கலப்படம் என்று நான் நினைக்கவில்லை. ஓடுவதற்காகப் பிறந்தது ஓட வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் பாதை என்பதால் உயரத்திலும் ஓர் அங்குலம் குறைத்தார்கள்.

2008 ஆகஸ்டில் அது நகர்ந்தது. மறு ஆண்டு இளவரசர் சார்லஸ் ‘டொர்னேடோ’ என்று பெயர் சூட்டினார். மணிக்கு 90 மைல் வேகத்தில் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டுமானால் அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஓடிக் காட்ட வேண்டும். 2017 ஏப்ரலில், மற்ற ரயில்கள் அடங்கிய நள்ளிரவுக்குப் பின், 100 மைல் தொட்டது. அந்த வேகத்தில், ஆளுயரத்தை மிஞ்சிய 6 அடி 8 அங்குலச் சக்கரங்கள் நொடிக்கு ஏழு முறை சுழல்கின்றன. மூன்று சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் அதே நொடியில் ஏழு முறை போய்த் திரும்புகின்றன.