உங்களுக்குத் தெரியுமா? – ஓட்டோ பள்ளத்தில் விழும்போது வயிறு சொல்வது

வயிற்றுவலிக்காரரை ஓட்டோவில் ஏற்றி ஹட்டனுக்கு இறக்குகிறீர்கள். சில்லு பள்ளத்தில் விழும்போதெல்லாம் வலது அடிவயிறு சுண்டி இழுக்கிறதா? மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். 2012இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலி கூடியிருந்தது. வேறு நோயாளிகள் பலருக்கும் கூடியதால், குலுங்கியும் வலிக்காவிட்டால் அப்பெண்டிக்ஸாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றே கொள்ளலாம். நம் தோட்டத்து ரோட்டில் நோயில்லாதவருக்கே இடுப்பு கழன்றுவிடும், அது வேறு கதை!

அப்பெண்டிக்ஸ் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும். ‘காஸ்’ என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு, அரைப்பேராகிவிடுமே என்று மலைக்கு ஏறிவிடுகிறவர்கள் உண்டு. குடல்வாலின் வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொட்டதும் வலி வலப்பக்கம் இறங்கி நிலைக்கும். படங்குக் கயிறு கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே. பசி போய்விடும். வலி முந்தும், வாந்தி பிந்தும். வாந்தி முதலில் வந்தால் டொக்டர் வேறு காரணங்களையும் யோசிப்பார்.

இந்த நோயைக் கணிக்க 1986இல் அல்வராடோ என்ற மருத்துவர் வகுத்த கணக்கில் மொத்தம் 10 புள்ளிகள். வலி இடம் மாறுதல், பசியின்மை, குமட்டல், காய்ச்சல், அழுத்திய கையை எடுக்கும்போது வலி: தலா 1. வலது அடிவயிற்றை அழுத்தினால் வலித்தால் 2. மிச்சம் 3 மட்டுமே இரத்தப் பரிசோதனைக்கு.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் சூலகக் கட்டியும் இதே இடத்தில் வலிக்கும். அதனால்தான் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் ஸ்கேனும். மாதவிடாய் தள்ளியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லவேண்டும்.

1902 ஜூன் 26இல் நடக்கவிருந்த பிரித்தானிய மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அப்பெண்டிக்ஸ் அழற்சியால்தான் ஒகஸ்டுக்குத் தள்ளிப்போனது. இலங்கைக்கும் அவர்தான் அப்போது அரசர்!

வீட்டில் பேதிமருந்து கொடுக்கவே கூடாது. கடுமையாக இருந்த வலி திடீரென்று அடங்கினால் நிம்மதியடையவும் வேண்டாம். குடல்வால் வெடித்திருக்கலாம், சிறிது நேரத்தில் வயிறு முழுக்க வலி பரவும். அம்புலன்ஸுக்கு 1990, கட்டணமில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டிய 150 படுக்கை வைத்தியசாலை 2017 மே 12இல் திறக்கப்பட்டது. வைத்தியசாலைக்குப் போகும் வழியில் நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்காதீர்கள். ஒப்பரேஷன் தேவைப்பட்டால், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கட்டாயம் கேட்பார்கள்.