அறுநூறு டொலரும் ஆயிரம் இசைத்தட்டும்

துணி வியாபாரியான எனக்கு இசைத்தட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பொறுமையாக வாசியுங்கள். விடயம் கடைசியில் எமது கடை மேசைக்குத்தான் வந்து சேரும்.

2018 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தங்கச்சியின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். "நாநா, உங்கள் மருமகன் சம்பளத்தில் பாதியைப் பழைய தட்டுகளில் கொட்டுகிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றாள். புத்தி சொல்லப் போன நான் பாடம் படித்துக்கொண்டு வந்தேன்.

மருமகன் சேகரிப்பது 'ஹார்ட்கோர் பங்க்' எனப்படும் இசை. அதை இசை என்பதைவிட இரைச்சல் என்பதே எனது காதுகளின் தீர்ப்பு. ஆனால் அதன் வியாபாரக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

பங்கு போடாத பணம்

1980 இல் வொஷிங்டன் நகரில் 'டீன் ஐடில்ஸ்' என்ற இசைக்குழு இருந்தது. எல்லோரும் பதின்ம வயதுப் பொடியன்கள். அந்த வருடக் கடைசியில் குழு கலைந்தபோது, நிகழ்ச்சிகளில் சேர்த்த ஏறத்தாழ 600 டொலர் கையிருப்பில் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்திருந்தால் ஒரு வாரத்தில் கரைந்திருக்கும். அவர்கள் அதை முதலாக்கி, தமது பாடல்களை ஏழு அங்குலத் தட்டாக 1000 பிரதிகள் அடித்தார்கள். அதற்காகவே 'டிஸ்கோர்ட் ரெகோர்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் இயன் மெக்கேய், ஜெஃப் நெல்சன் இருவரும் முக்கியமானவர்கள். மெக்கேய்க்கு அப்போது வயது 18.

உறை செய்யும் முறை அவர்களுக்குத் தெரியாது. வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அதன் அளவை வரைந்தெடுத்து அச்சடித்தார்கள். பிறகு கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை பூசி ஒட்டினார்கள். முதல் தட்டு விற்ற காசு அடுத்த தட்டுகளுக்கு உதவியது. மெக்கேயும் நெல்சனும் தொடங்கிய அடுத்த குழுவான 'மைனர் திரெட்' 1981 இல் எட்டுப் பாடல்களுடன் தனது முதல் தட்டை வெளியிட்டது. மது, புகை, போதை எதுவும் வேண்டாம் என்று பாடிய குழு அது. அந்தக் கொள்கை பிறகு உலகெங்கும் இளைஞர்களிடையே ஓர் இயக்கமாகவே பரவியது.

இன்னொரு விடயம். பல தட்டுகளின் உறையில் தபாற் செலவோடு சேர்த்து விலையை அச்சடித்தே விற்றார்கள். குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் இல்லை. செலவு போக மிஞ்சிய இலாபத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 600 டொலரில் பிறந்த அந்த நிறுவனம் நாற்பது வருடங்களையும் தாண்டி இன்றும் நடக்கிறது.

பாட்டு மலிவு, தட்டு கிராக்கி

மைனர் திரெட்டின் பாடல்கள் முழுவதும் 1989 இல் ஒரே இறுவட்டில் வந்துவிட்டன. பாட்டுக்குப் பஞ்சமில்லை. பிறகு எதற்கு முதல் அச்சுத் தட்டுக்கு இவ்வளவு விலை? சேகரிப்பவன் வாங்குவது பாட்டை அல்ல, எண்ணிக்கையை. மறுபடி எத்தனை ஆயிரம் அடித்தாலும் முதல் ஆயிரம் ஆயிரமாகத்தான் இருக்கும். அதிலும் கீறல் விழுந்தவை, வெயிலில் நெளிந்தவை, உறை தொலைந்தவை போக மிச்சம் கொஞ்சம்தான். விலை ஏறினாலும் அந்த இலாபத்தில் அடித்தவனுக்குச் சதமும் இல்லை. அது கைமாற்றுபவனுக்கே போகிறது.

ஏமாற்றும் அங்கேதான் நுழைகிறது. முதல் அச்சா, பிந்திய அச்சா, கள்ள அச்சா என்பதை உறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டின் நடுவில், பாட்டு முடியும் இடத்துக்கும் காகித வட்டத்துக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் எழுத்தும் இலக்கமும் கீறப்பட்டிருக்கும். அனுபவசாலிகள் முதலில் அதைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள்.

மருமகனின் சோதனை

மருமகன் அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டான். 'முதல் அச்சு' என்ற விற்பனையாளரின் வாக்கை நம்பி, இரண்டு வாரச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு மைனர் திரெட் தட்டை எடுத்தான். நான் அங்கிருந்தபோதுதான் அது தபாலில் வந்தது. வளையத்தைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிந்திய அச்சு. விற்றவர் திருப்பியெடுக்க மறுத்தார்.

இரண்டு நாள் கழித்து அதே தட்டுக்கு இன்னொருவர் விலை கேட்டார்.

"மாமா, என்னிடம் சொன்னதையே நானும் சொல்லி விற்றால் என்ன? என் காசு திரும்ப வந்துவிடும்" என்றான்.

எனக்கு எனது கடை நினைவுக்கு வந்தது. ஆடைத் தொழிற்சாலைகளின் இரண்டாம் தரத் துணியை முதல் தரமென்று ஒருவர் என் தலையில் கட்டிய நாளில், நானும் இதே கேள்வியை என்னிடமே கேட்டிருக்கிறேன். அன்று நான் சொன்ன பதிலை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தைக்கு நான் கொடுத்த விலை பல வருடம் நீண்டது.

"மகன், நீ ஏமாந்தது ஒரு தடவை. இதைச் சொல்லி விற்றால் ஏமாற்றுகிறவர்கள் கணக்கில் நீயும் ஒருவன்" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனான். மறுநாள் காலையில் வளையத்தைப் படமெடுத்து, பிந்திய அச்சு என்று எழுதி அனுப்பினான். கொடுத்ததில் கால்வாசிதான் கிடைத்தது. நட்டம் நட்டம்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

வியாபாரச் சகோதரர்களே, இந்தக் கதையில் எமக்கு மூன்று கணக்குகள் உண்டு. சிறு முதலைப் பங்கு போட்டுத் தின்னாமல் பொருளாக்குங்கள். அரிதென்று சொல்லி விலை கேட்பவனிடம் அடையாளத்தைக் கேளுங்கள். ஏமாந்த பொருளைக் கைமாற்றும்போது ஏமாற்றையும் சேர்த்துக் கைமாற்றாதீர்கள்.

மூன்றாவதை நான் தாமதமாகப் படித்தேன். மருமகன் இருபத்து நான்கு வயதிலேயே படித்துவிட்டான். இழந்த முக்கால்வாசிக் காசு அதற்கான கட்டணம் என்றால், மலிவுதான்.