மலைப்பாதை ஹெட்லைட்: நூறு வாட் பல்பு வாங்கும் முன்

தாண்டிக்குடியில் வாழைத்தாரும் சவ்சவ்வும் ஏற்றிக்கொண்டு, விடியும் முன்பே மங்களம்கொம்பு, பெரும்பாறை வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்: "லைட் பத்தலையே, நூறு வாட் பல்பு போட்டுடலாமா?"

பெரும்பாலான வண்டிகளுக்கு என் பதில், வேண்டாம். வண்டியில் இப்போது இருக்கிற பல்பே அதன் முழு வெளிச்சத்தைத் தராமல் இருக்கலாம். முதலில் அதைத் தர வைப்போம். செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை.

இப்போது என்ன பல்பு இருக்கிறது? பழைய ஜீப், பிக்கப், கார்களில் பெரும்பாலும் எச்-4 என்ற ஹாலஜன் பல்புதான். அதன் அடியில் 60/55 என்று பொறித்திருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என்று பொருள். வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சக்தியின் அளவு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை லூமன் என்ற வேறோர் அளவால் சொல்வார்கள். நல்ல எச்-4 பல்புக்கு 13.2 வோல்ட் கிடைத்தால் பிரைட்டில் சுமார் 1,650 லூமனும் டிம்மில் சுமார் 1,000 லூமனும் தரும். இந்த மலைப்பாதையில் நாம் போகிற வேகத்துக்கு அது போதும்.

பிறகு ஏன் மங்கலாகத் தெரிகிறது? பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வரை வந்து, திரும்ப முன்பக்கம் போய்ப் பல்பைச் சேர்கிறது. மெல்லிய ஒயர், தேய்ந்த சுவிட்ச், பச்சை பூத்த கப்ளர், துருவேறிய எர்த் ஒவ்வொன்றும் வழியிலேயே கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, பல்புக்கு 12.6 வந்தால் குறைந்தது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஹாலஜன் பல்பில் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளில் ஒரு முறை, பல்புக்குப் பின்னால் கப்ளரில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை பல்பில் இல்லை, ஒயரிங்கில் இருக்கிறது.

இந்த ஒயரிங்கில் 100/90 வாட் பல்பைப் போட்டால் என்ன ஆகும்? 12 வோல்ட் கணக்கில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கிறது. 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரில் உண்டாகும் சூடு ஆம்பியரோடு அதே விகிதத்தில் ஏறாது, அதன் வர்க்கத்தில் (அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி வரும் அளவில்) ஏறும். அதாவது ஏறக்குறைய 2.8 மடங்கு சூடு. இழுவை கூடக் கூட வழியில் தொலையும் வோல்ட்டும் கூடும். காசு கொடுத்து வாங்கிய நூறு வாட் முழுதாக ரோட்டுக்கு வந்து சேராது.

அந்தச் சூடு எங்கே தெரியும்? பல்பின் மூன்று தகடுகளும் நுழையும் பிளாஸ்டிக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். முதலில் ஓரம் பழுப்பாகும். பிறகு தொட்டால் உதிரும். தகடு நீலம் பாய்ந்திருக்கும். அடுத்தது டிம்-பிரைட் சுவிட்ச். அது உள்ளே உருகினால் வளைவின் நடுவில் இரண்டு லைட்டும் ஒன்றாக அணையும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். முதலில் ஃபியூஸ்தான் போகும். உடனே பெரிய ஃபியூஸையோ சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளையோ வைத்துச் சமாளிப்பார்கள். தீ பிடிப்பதற்கு வழிவிடுவது அதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? ரிலே போடுங்கள். ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு குட்டிப் பெட்டி. வயலுக்குத் தண்ணீர் சுற்று வாய்க்காலில் போகாமல் கிணற்றிலிருந்து நேரே பாய்வது போல, பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் மின்சாரம் நேரே பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச் ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இரண்டு 60 வாட் பல்புக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எர்த் ஒயரையும் புதிதாக, பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கச் சொல்லுங்கள். பல பேர் இதை விட்டுவிட்டு, ரிலே போட்டும் பலனில்லை என்கிறார்கள்.

புது மாடல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஹெட்லைட்டைக் கம்ப்யூட்டர் பெட்டி கட்டுப்படுத்தும் வண்டிகளில் ஒயரை வெட்டக் கூடாது. வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

ஹெட்லைட் கண்ணாடியையும் பாருங்கள். பிளாஸ்டிக் முகப்பு மஞ்சள் பூத்திருந்தால் எத்தனை வாட் போட்டாலும் வெளிச்சம் உள்ளேயே தங்கிவிடும். வாட்டர் பேப்பரும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பாலிஷும் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் தெளியும். ஆனால் உள்ளே பளபளப்பாகப் பூச்சு பூசிய ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் கிண்ணம்) கருத்துப்போயிருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். நூறு வாட் சூட்டில் சீக்கிரம் கெடுவதும் இந்தப் பூச்சுதான்.

அடுத்தது லைட் விழும் இடம். நம் ஊர் வண்டிகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான், ஒரு ஸ்குரூ டிரைவரில் தீர்ந்துவிடும். ஆனால் சமதரை வேண்டும். இந்த மலையில் அதற்கு எங்கே போவது? காபி காயப்போடும் களம் இருக்கிறதே, அதன் ஓரத்தில் ஒரு சுவர் இருந்தால் போதும். சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்தி, பல்பின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 செ.மீ. கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் விளிம்பு சற்று மேலேறியிருக்கும். ரோட்டோரம் நடந்து போகிறவர் தெரிவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வலது பக்கம் மேலேறினால் அந்த லைட் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காலி வண்டியில் சரி பார்த்தால் போதுமா? போதாது. பின்னால் லோடு ஏறினால் மூக்கு நிமிரும். ஒரே ஒரு பாகை நிமிர்ந்தாலும் 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 87 செ.மீ. உயர்ந்துவிடும். ரோடு இருட்டாகும், சில்வர் ஓக் மர உச்சி பளிச்சென்று தெரியும். "லைட் பத்தலை" என்ற புலம்பலில் பாதி இப்படிப் பிறப்பதுதான். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருந்தால் லோடுக்கு ஏற்ப எண்ணைக் கூட்டி வையுங்கள். அது இல்லாத வண்டியில், வழக்கமான லோடு ஏற்றிய நிலையிலேயே களத்துச் சுவரில் சரி பாருங்கள்.

எதிரே வருபவருக்கு என்ன ஆகும்? 100/90 பல்பில் டிம்மும் 90 வாட் ஆகிவிடுகிறது. நீங்கள் மரியாதையாக டிம் அடித்தாலும் அவர் கண் கூசும். 36 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 10 மீட்டர் போகிறது. இரண்டு நொடி கண் இருண்டால் 20 மீட்டர், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு அது தாராளம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவர் தடுமாறினால் வந்து மோதுவது உங்கள் வண்டியில்தான்.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதிப்படி, லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அது கூசச் செய்யக் கூடாது. ஒயரிங்கை மாற்றிய வண்டி தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி எழுப்பவும் இடம் உண்டு.

பனிமூட்டத்தில் அதிக வெளிச்சம் உதவுமா? ஐப்பசி, கார்த்திகையில் காபி பழம் எடுக்கும் நாட்களில்தான் மூட்டமும் இறங்குகிறது. காற்றில் நிற்கும் நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும், நூறு வாட் என்றால் இன்னும் கெட்டிச் சுவர். டிம் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். பாதையில் காட்டுமாடு நின்றாலும் டிம்தான். தள்ளி நிறுத்தி, அது தானாக விலகும்வரை காத்திருங்கள்.

எல்இடி பல்பு மாட்டினால்? மின்சாரம் குறைவாக இழுக்கும், ஒயர் சூடாகாது என்பது உண்மை. ஆனால் ஹாலஜன் இழை இருந்த அதே புள்ளியில் எல்இடியின் ஒளி அமைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரிஃப்ளெக்டர் அதைக் கண்டபடி சிதறடிக்கும். கிட்டத்துத் தரை பளீரென்று தெரிவதால் வெளிச்சம் கூடியதாகத் தோன்றும், தூரம் தெரியாது. கம்பெனியிலேயே எல்இடிக்கென்று செய்த லைட் வேறு, இது வேறு.

பைக்குக்கு? பல பைக்குகளில் எச்எஸ்-1 என்ற 35/35 வாட் பல்பு இருக்கிறது. பார்க்க எச்-4 போலவே இருப்பதால் காதுகளை ராவி 60/55-ஐ நுழைத்துவிடுகிறார்கள். எஞ்சின் உண்டாக்கும் மின்சாரம் அதற்குப் போதாது. 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும்படி விதி வந்துவிட்டதால், பேட்டரிக்கு ஓய்வும் கிடையாது. மெதுவாக இறங்கும் நேரத்தில் பேட்டரி காலியாகி, செல்ஃப் எடுக்காமல் நிற்பீர்கள். பைக்குக்குப் புதிய, நல்ல கம்பெனியின் 35 வாட் பல்பே போதும். பழைய பல்பைக் கழற்றி அதன் கண்ணாடிக் குமிழைப் பாருங்கள். உள்ளே கருமை படிந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. புதியதை மாட்டும்போது கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடியுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.