பாங்காக் போகும் சாலை, மோரேயோடு சரி

பூந்தமல்லி வழியாகப் பெங்களூரு போகும் சாலையில் நள்ளிரவிலும் லாரிச் சத்தம் ஓயாது. ஆசிய நெடுஞ்சாலைக் கணக்கில் இதற்கு ஏ.எச்.45 என்று பெயர். சென்னை, விஜயவாடா, புவனேஸ்வர் என்று ஏறி, கொல்கத்தாவில் ஏ.எச்.1-ஐத் தொடுகிறது. அந்த ஒன்றாம் எண் சாலை டோக்கியோவில் தொடங்கி துருக்கி வரை 20,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. வரைபடத்தை நம்பினால், பூந்தமல்லியில் ஏற்றிய சரக்கைப் பாங்காக்கில் இறக்கிவிடலாம். ஆனால், மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயின் கேட்டைத் தாண்டி லாரி போகாது.

அதே ஏ.எச்.1-ல், மணிப்பூர்த் தலைநகர் இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் வரை வயல்வெளி. பிறகு தெங்னௌபால் மலை ஏறி, பர்மா பக்கம் இறங்குகிறது சாலை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். எல்லைக்கு அப்பால் உள்ள பர்மிய ஊரான தமு வழியே இந்த மலையில் ஏறியவர்களில் தமிழர்களும் உண்டு. பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. இரண்டு வருடம் கழித்து ஜப்பானியப் படையும் இந்திய தேசிய ராணுவமும் இம்பாலைப் பிடிக்க வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் வங்கிகளையும் அரசே எடுத்துக்கொள்ள, தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைதான். இன்று அம்பத்தூர், ஆவடி பக்கம் மாலையில் நிற்கும் அத்தோ தள்ளுவண்டியும் அந்த வழி வந்ததே. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே தட்டையை நொறுக்கிப்போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வைப்பார்கள். சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் அதைச் சைனீஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் சிலருக்குத் தமிழ்நாட்டு அகதி முகாம் வாழ்க்கை ஒட்டவில்லை. தமிழ்நாடு அப்பா அம்மாவுக்குச் சொந்த ஊர். இவர்களுக்கோ பர்மாதான் ஊர். தரைவழியே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். பர்மியப் படை உள்ளே விடவில்லை. மறுபடி தெற்கே வர மனமில்லாமல் எல்லையிலேயே குடிசை போட்டார்கள். மோரே தமிழர்கள் என்று இன்று சொல்வது இவர்களைத்தான். அங்காள பரமேஸ்வரி கோயில், தமிழ்ச் சங்கம், இட்லிக் கடை எல்லாம் வந்தன. பர்மிய மொழி தெரிந்தது வியாபாரத்துக்குக் கைகொடுத்தது. 1995-ல் எல்லை வணிகம் சட்டப்படி திறந்தபோது மோரே பணம் புழங்கும் ஊராகவே மாறியிருந்தது.

அதன் பிறகு டெல்லி சாலைமேல் சாலையாகப் போட்டது. தமு, கலேம்யோ, கலேவா ஊர்களை இணைக்கும் 160 கிலோமீட்டர் சாலையை இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பே போட்டுக்கொடுக்க, 2001-ல் திறந்தார்கள். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை என்ற திட்டம் அடுத்து வந்தது. 2019 ஜனவரியில் மோரேயில் சுங்கம், குடியேற்றம் எல்லாவற்றுக்கும் ஒரே வளாகமாக நவீன சோதனைச்சாவடியும் திறந்தாயிற்று. எல்லை தாண்டியதும் வண்டி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற வேண்டும். பர்மா, அதாவது இன்றைய மியான்மர், 1970-லேயே வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. அந்தப் பிரச்சினை எழும் அளவுக்கு வண்டிகள் ஓடவே இல்லை என்பதுதான் விஷயம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி. 2022 ஜூலையில் தமுவுக்குப் போன மோரே தமிழர் இருவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் விசா இல்லாமல் போய்வரலாம் என்றிருந்த ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் உள்துறை அறிவித்தது. பிறகு 10 கிலோமீட்டராகக் குறைத்து, பாஸ் வாங்கச் சொன்னது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி போடும் திட்டம் வேறு. ஒரே அரசு ஒரு கையால் தாய்லாந்துக்குச் சாலையும், மறு கையால் அதே இடத்தில் வேலியும் போடுவதை என்னவென்று சொல்வது?

இதற்கிடையே, 2023 மே 3-ல் மெய்தேய், குக்கி இனங்களுக்கு இடையே கலவரம் வெடித்து மணிப்பூரே பற்றி எரிந்தது. மோரேயிலிருந்து மெய்தேய் குடும்பங்கள் ஓடின. குக்கிகள் இம்பாலைவிட்டு ஓடினார்கள். இடையில் மாட்டிக்கொண்ட தமிழர்களின் வீடு, கடைகளும் தப்பவில்லை. பல்லேலுக்கு மேலே மெய்தேய் ஓட்டுநர் ஏற முடியாது, கீழே குக்கி ஓட்டுநர் இறங்க முடியாது என்றாகிவிட்டது. அந்தக் கலவர மாதங்களில் இரு பக்கமும் சேராத பாங்கல்கள், அதாவது மணிப்பூர் முஸ்லிம்கள், ஸ்டியரிங் பிடித்துத்தான் ஒன்றாம் எண் ஆசிய நெடுஞ்சாலையில் அரிசி போய்ச்சேர்ந்தது.