கல்லறை கூறும் குடும்ப வரலாறு

மன்னருக்கு மெய்க்கீர்த்தி உண்டு. வள்ளலுக்குச் செப்பேடு உண்டு. உழுதும் பனையேறியும் வாழ்ந்த நம் முன்னோருக்கு என்ன உண்டு? பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வோம்? பலருக்கு அவ்விடை ஊர்க்கோடியில், புல் மண்டிய கல்லறைத் தோட்டத்தில், ஒரு கல்லின்மேல் இருக்கிறது. இறந்தவருக்குக் கல் நிறுத்துவது தமிழருக்குப் புதிதன்று. நடுகல்லுக்குக் கல் காண்பது முதல் வாழ்த்துவது வரை முறை வகுத்துக் கூறுகிறது தொல்காப்பியம்.

என் தாய்வழி உறவினர் வாழும் செங்கல், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லை ஊர். தமிழில் செங்கல் என்பது சூளையில் சுட்ட கல். மலையாளத்திலோ அச்சொல் நிலத்தில் வெட்டியெடுக்கும் செம்பாறைக் கல்லைக் குறிக்கும். ஒரு சொல்லுக்கு இரு பொருள் வழங்கும் அவ்வெல்லையில், ஒரே குடும்பத்துக்கு இரு மாநிலங்கள் வாய்த்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் 1959-இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. எனவே குடும்ப வரலாறு தேடுவோர் எல்லையின் இருபுறமும் தேட வேண்டும். அண்ணன் பெயர் ஒரு சபையின் ஏட்டிலும், மணமாகிச் சென்ற தங்கை பெயர் அப்புறத்து ஏட்டிலும் இருக்கும்.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பள்ளியில் மலையாளம் மட்டுமே பயின்ற என் மாமன் மகன், தமிழில் பேசுவான், எழுத்தறியான். தன் கொள்ளுப்பாட்டியின் கல்லை அவனுக்கு நான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கல் தேயுமுன்பே அதைப் படிப்போர் குறைகின்றனர்!

கல்லின் மொழியும் ஒரு சான்றே. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் அவர் படைக்கே தலைவரான தெ லனாய், 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டுத் தளபதியின் கல்லிலும் தமிழ் ஏன்? அவ்வூர் மக்கள் படிக்க வேண்டும் என்பதற்கன்றோ!

இனி, கல்லைப் படிக்கும் முறை. முதலில் ஆண்டைப் பாருங்கள். திருவிதாங்கூர்ப் பகுதியில் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது ஆவணியில் தொடங்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1132 ஐப்பசி என்றால் 1956. தமிழெண்ணில் ௲௯௰௨ என்றிருந்தால் அது 1092. அதாவது 1916 அல்லது 1917.

நிழற்படம் எடுக்கக் கைபேசி போதும். சபைப் போதகரிடம் இசைவு பெற்றே தொடங்குங்கள். உச்சி வெயிலில் எழுத்து மறையும். காலையிலோ மாலையிலோ ஒளி சாய்ந்து விழும்போது பள்ளங்களில் நிழல் நின்று எழுத்து தெளியும். நிழலிலுள்ள கல்லுக்குக் கண்ணாடி பிடித்துப் பக்கத்திலிருந்து ஒளியைத் திருப்பலாம். சுண்ணக்கட்டி தேய்ப்பதும், அமிலம் ஊற்றுவதும், கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்தை அண்மையில் ஒரு படம், முழுக் கல்லை ஒரு படம், அண்டைக் கல்லறைகளோடு ஒரு படம் எடுங்கள். அருகருகே கிடப்போர் பெரும்பாலும் உறவினர். கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிழையென்று தோன்றினாலும் திருத்தாதீர்கள்.

கல் சொல்வதெல்லாம் முடிந்த முடிபு அன்று. பிள்ளைகள் பல ஆண்டு கழித்து நட்ட கல்லில் வயது பிறழலாம். பெண்ணின் பிறந்த வீடு பெரும்பாலும் இராது. ஆகவே சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். இப்பகுதியில் பணிபுரிந்த இலண்டன் மிஷன் சங்கத்தின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. எரிக்கும் வழக்கமுடைய குடும்பங்களுக்குக் கல் இராது. அவர்களுக்குப் பாகப் பத்திரமும் நில ஆவணமும் துணை செய்யும்.

இடம் போதாத தோட்டங்களில் பழைய குழியை மீண்டும் திறப்பதுண்டு. பழைய கல் மதிலோரம் ஒதுக்கப்படுவதுமுண்டு. எனவே காலம் தாழ்த்தலாகாது. மன்றத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: வரும் விடுமுறையில் இருவர் இருவராக ஒரு தோட்டத்துக்குச் செல்வோம், தமிழ் படிப்பவர் ஒருவர், மலையாளம் எழுதுபவர் ஒருவர். எடுத்த படத்தின் படி ஒன்றையும், இரு மொழியிலும் எழுதிய வாசகத்தையும் அக்குடும்பத்தாரிடமே கொடுப்போம். படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இருக்கும்போதே இது நடக்கட்டும்.